டெக்சாஸில் பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைப்பது: விலகல் கடிதம் முதல் கல்லூரி வரை

டெக்சாஸில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் படிக்க வைக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. எங்கேயும் பதிவு செய்ய வேண்டாம், வருடா வருடம் தேர்வு எழுத வைக்க வேண்டாம், உங்களிடம் ஆசிரியர் பட்டம் இருக்கிறதா என்று யாரும் கேட்கப் போவதில்லை. இதைச் சொன்னால் நம் ஆட்கள் நம்புவதில்லை, ஐந்து வருடம் முன்னால் நானும் நம்பவில்லை. எந்தக் காரியத்துக்கும் ஒரு படிவம், ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை என்று பழகிப்போன நமக்கு, ஒன்றுமே கேட்காத சட்டம் என்றால் முதலில் பயம்தான் வரும், எதையோ விட்டுவிட்டோம் என்று தோன்றும்.

அந்தப் பயத்தில்தான் நான் சில தப்புகள் செய்தேன். டாலஸ் பக்கம், ஹூஸ்டன் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அதையே திரும்பச் செய்ய வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சட்டம் எதையும் கேட்காததால், பின்னால் தேவைப்படப் போகும் ஒவ்வொரு காகிதத்தையும் நாமே உண்டாக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கீழே வருவதில் பாதி அதைப் பற்றித்தான்.

சட்டம் என்ன சொல்கிறது

செப்டம்பர் 1 அன்று 6 வயது நிறைந்த பிள்ளை 19-ஆவது பிறந்தநாள் வரை பள்ளிக்குப் போயாக வேண்டும், இது டெக்சாஸ் கல்விச் சட்டம். அரசுப் பள்ளிக்குப் போகாமல் தனியார் பள்ளியில் படித்தால் விலக்கு உண்டு, ஆனால் அங்கே நற்குடிமைப் பாடமும் இருக்க வேண்டும். வீட்டுக்கல்வி முழுக்க இந்த விலக்கின் மேல்தான் நிற்கிறது. வீட்டில் படிப்பது தனியார் பள்ளிக் கணக்கில் வராது என்று 1980-களில் மாநிலம் சொல்லி, பெற்றோர்களை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். அதை எதிர்த்து லீப்பர் என்ற குடும்பமும் மற்றவர்களும் ஆர்லிங்டன் கல்வி மாவட்டத்தின் (அந்த ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) மேல் 1985-ல் வழக்குப் போட்டார்கள். 1987-ல் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், 1994-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அன்றிலிருந்து டெக்சாஸில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையும் சட்டப்படி ஒரு தனியார் பள்ளிதான்.

அந்தத் தீர்ப்பு மூன்றே விஷயங்களைக் கேட்கிறது. உண்மையாகவே படிக்க வைக்க வேண்டும், பேருக்கு நடத்தக் கூடாது. பாடத்திட்டம் கண்ணால் பார்க்கும்படி இருக்க வேண்டும், புத்தகமாகவோ பயிற்சித்தாளாகவோ திரையில் ஓடும் பாடமாகவோ இருக்கலாம். வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். அறிவியலும் வரலாறும் கூடப் பட்டியலில் இல்லை, அதற்காக விட்டுவிடாதீர்கள், அதைப் பின்னால் சொல்கிறேன். எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்ற கணக்கும் கிடையாது. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் மாலையிலும் சனிக்கிழமையிலும் படிக்க வைத்தாலும் தப்பில்லை. இதற்கு மேல் மாநில அமைப்புகள் எதுவும் வீட்டுக்கல்விக்கு விதி போடக் கூடாது என்று 2025-ல் தனிச் சட்டமும் வந்துவிட்டது.

விசா பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எச்-4-ல், அதாவது எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தரும் விசாவில், இருக்கும் பிள்ளை அந்த நிலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பள்ளியில் படித்தே ஆக வேண்டும் என்று விதி இல்லை. வீட்டில் படிப்பதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது.

அவசரப்படுவதற்கு முன், வேறு என்ன வழி இருக்கிறது என்று பாருங்கள்

வீட்டுக்கல்விதான் வேண்டும் என்று வருபவர்களிடம் பேசிப் பார்த்தால், பாதிப் பேருக்கு வேண்டியது வேறு பள்ளி. ஒரு டீச்சரோடு ஒத்துவரவில்லை, கணக்கு ரொம்ப சுலபமாக இருக்கிறது, பஸ்ஸில் யாரோ சீண்டுகிறார்கள், இப்படி ஒரு காரணம். முதலில் உங்கள் கல்வி மாவட்டத்துக்குள்ளேயே வேறு பள்ளிக்கு மாற்றல் கேட்கலாம். மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டு வருவதால் வெளி மாவட்டப் பிள்ளைகளைச் சேர்க்கும் இடங்களும் இருக்கின்றன. பிளேனோவில் பள்ளிகளையே மூடும் அளவுக்கு எண்ணிக்கை குறைந்தது.

அப்புறம் சார்ட்டர் பள்ளிகள், அதாவது அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் பள்ளிகள். 1995-ல் வந்த சட்டத்தால் நடப்பவை, கட்டணம் கிடையாது, இடத்தை விட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். ஹார்மனி, பேசிஸ், கிரேட் ஹார்ட்ஸ், ஐடியா எல்லாம் இந்த வகை. அர்விங்கில் இருக்கும் அப்லிஃப்ட் நார்த் ஹில்ஸ் நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர், அங்கே ஐ.பி. என்ற சர்வதேசப் பாடத்திட்டம். இங்கே எல்லாம் மாநிலத் தேர்வான ஸ்டார் உண்டு என்பதை மறக்காதீர்கள். 2027-28-லிருந்து அதற்குப் பதிலாக மூன்று சிறிய தேர்வுகள் வரப் போகின்றன. ஒரு துறைக்கென்றோ திறமையான பிள்ளைகளுக்கென்றோ கல்வி மாவட்டமே நடத்தும் மேக்னெட் பள்ளிகள் தனி: டாலஸில் டவுன்வியூ வளாகத்துப் பள்ளிகள், ஹூஸ்டனில் டிபேக்கியும் கார்னகி வான்கார்டும், ஆஸ்டினில் லாசா. பத்தாம் வகுப்பு முடித்த, கணக்கிலும் அறிவியலிலும் துடிப்பான பிள்ளை என்றால் டென்டனில் நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நடக்கும் டாம்ஸ் இருக்கிறது. அங்கேயே தங்கிக் கடைசி இரண்டு வருடமும் கல்லூரிப் பாடமே படிக்கலாம்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். இலவசமாக முழுநேரமும் ஆன்லைனில் நடக்கும் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளை வீட்டில் உட்கார்ந்துதான் படிக்கும், ஆனால் அது வீட்டுக்கல்வி இல்லை, அரசுப் பள்ளி. வருகைப் பதிவு, மாநிலத் தேர்வு, மாநிலப் பாடத்திட்டம் எல்லாம் உண்டு. சேர்ந்த பிறகுதான் பலருக்கு இது தெரிய வருகிறது.

இத்தனையும் பார்த்த பிறகும் வீட்டில்தான் என்று தோன்றினால், அடுத்த படி.

விலகல் கடிதம்: இதில் மட்டும் தவறாதீர்கள்

என் பையன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை டீச்சரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு, அவரும் வாழ்த்துச் சொல்லி அனுப்ப, திங்கட்கிழமையிலிருந்து அனுப்பவில்லை. அவ்வளவுதான் என்று நினைத்தேன். அன்று மதியமே தானியங்கிக் குரலில் போன், உங்கள் மகன் இன்று வரவில்லை என்று. மறுநாளும் வந்தது. ஏதோ கணினி தாமதம் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது வாரம் வீட்டுக்குக் கடிதமே வந்துவிட்டது, காரணம் சொல்லாமல் வராதிருந்தால் சட்ட நடவடிக்கை என்று. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தோம். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு நீதிமன்றம் என்ற சொல் எப்படிக் கேட்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நடந்தது இதுதான். எழுத்தில் ஒன்றும் கொடுக்காததால், பள்ளியின் கணக்கில் அவன் இன்னும் அவர்கள் மாணவன். நான்கு வாரத்துக்குள் மூன்று நாள் காரணமில்லாமல் வராவிட்டால் எச்சரிக்கை அனுப்ப வேண்டும், ஆறு மாதத்துக்குள் பத்து நாளாகிவிட்டால் விவகாரம் நீதிமன்றம் வரை போகலாம். சின்னப் பிள்ளை என்றால் பொறுப்பு பெற்றோர் தலையில். அவர்கள் விதிப்படிதான் செய்தார்கள், விட்டது நான்.

அதனால் கடைசி நாளுக்கு முன்பே, அல்லது அதே நாளில், பள்ளி முதல்வருக்கு ஒரு கடிதம். மின்னஞ்சல் போதும், வருகைப் பதிவு பார்க்கும் அலுவலருக்கும் ஒரு நகல் போடுங்கள். பயமாக இருந்தால் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். அதில் நாலே விஷயம் இருந்தால் போதும்: பிள்ளையின் முழுப் பெயரும் பிறந்த தேதியும், எந்தத் தேதியிலிருந்து விலகுகிறான் என்பது, அன்றிலிருந்து வீட்டில் படிப்பான் என்பது, வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகிய ஐந்தும் அடங்கிய எழுத்துப்பூர்வமான பாடத்திட்டத்தை உண்மையாகப் பின்பற்றுவோம் என்ற உறுதிமொழி. கையெழுத்து, தேதி. காரணம் எழுத வேண்டாம். பள்ளி மேல் குறை இருந்தாலும் இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

கடிதம் போன பிறகு, நேரில் வாருங்கள், எங்கள் படிவத்தை நிரப்புங்கள், என்ன புத்தகம் என்று காட்டுங்கள் என்று அலுவலகத்தில் சொல்லலாம். எனக்கும் சொன்னார்கள். பாடத்திட்டம் பற்றி எழுத்தில் உறுதி தந்தால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது மாநிலக் கல்வி முகமை மாவட்டங்களுக்குச் சொல்லியிருக்கும் வழிமுறை. ஆகவே மரியாதையாக, அந்த உறுதிமொழிக் கடிதத்தையே இன்னொரு முறை அனுப்பி, இதைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். சண்டை வேண்டாம், அங்கே உட்கார்ந்திருப்பவருக்கும் பல நேரம் விதி தெரியாது. கையோடு பிள்ளையின் பழைய மதிப்பெண் அட்டை, தேர்வு முடிவு, தடுப்பூசிப் பதிவு எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பள்ளியில் இதுவரை சேராத 6 வயதுப் பிள்ளை என்றால் கடிதமே தேவையில்லை. ஆனால் அரசுப் பள்ளியின் பிரீ-கே (கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு) அல்லது கிண்டர்கார்டனில் சேர்த்துவிட்டிருந்தால், 6 வயது ஆகாவிட்டாலும் வருகை விதி பொருந்தும், கடிதம் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். கோடை விடுமுறையில் நிறுத்துவதாக இருந்தாலும் கடிதம் கொடுங்கள், இல்லையென்றால் ஆகஸ்டில் அந்தத் தானியங்கிக் குரல் வரும்.

என்ன படிக்க வைப்பது

புதிதாக வருபவர்கள் முதல் மாதமே ஐநூறு டாலருக்குப் புத்தகம் வாங்கி அடுக்கிவிடுகிறார்கள். வேண்டாம். முதல் ஒன்றரை மாதம் நூலகமும் கான் அகாடமி என்ற இலவச இணையப் பாடத் தளமும் போதும். பிள்ளை எங்கே நிற்கிறான், எதில் ஓடுகிறான், எதில் சுணங்குகிறான் என்று பார்க்கவே அந்தக் காலம் வேண்டும்.

எங்கள் வீட்டில் பின்னம் எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். பள்ளியில் பீட்சாத் துண்டு வரைந்து வரைந்து அவனுக்கு அலுத்துவிட்டது. ஒரு ஞாயிறு மாவு ஊறவைக்கும்போது அளவுக் கப்புகளை அவன் கையில் கொடுத்தேன். 3 கப் அரிசிக்கு முக்கால் கப் உளுந்து, நான் எப்போதும் போடும் அளவு. இந்த வாரம் விருந்தாளி வருகிறார்கள், 5 கப் அரிசி போடணும், உளுந்து எவ்வளவு என்று கேட்டேன். முக்கால் கப்பை மூன்றால் வகுத்தால் கால், அப்போ ஒரு கப் அரிசிக்குக் கால் கப், ஐந்துக்கு ஐந்து கால், அதாவது ஒண்ணேகால் என்று கால் கப்பை ஐந்து தடவை எடுத்துக் கொட்டிக் காட்டினான். அரை, கால், முக்கால், ஒண்ணேகால் என்று தமிழில் பின்னத்துக்குத் தனிச் சொல் இருப்பது அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அன்று குறிப்பேட்டில் தேதி போட்டு, பின்னம், பெருக்கல், மாவு அளவு என்று எழுதி வைத்தேன். இந்த மாதிரிப் பாடமும் பாடம்தான், ஆனால் இதை மட்டும் வைத்து ஓட்ட முடியாது, பக்கத்தில் ஒரு ஒழுங்கான கணிதப் புத்தகம் வருடம் முழுக்க வரிசையாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

நற்குடிமை என்றால் திகைக்க வேண்டாம். அரசு எப்படி நடக்கிறது, சட்டமன்றம் என்ன செய்கிறது, வாக்குரிமை, அக்கம்பக்கத்தாரிடம் நடந்துகொள்வது எல்லாம் இதில் அடங்கும். நகர மன்றக் கூட்டத்துக்கு ஒரு மாலை அழைத்துப் போனால் ஒரு மாதப் பாடம் கிடைக்கும். அறிவியலும் வரலாறும் சட்டத்தில் இல்லாவிட்டாலும், பிள்ளை பிற்பாடு பள்ளிக்குத் திரும்பினாலோ கல்லூரிக்குப் போனாலோ இல்லாமல் முடியாது.

தமிழை இதில் சேர்த்துவிடுங்கள், தனியாக வார இறுதிச் சுமையாக வைக்காமல். பள்ளி நாளில் எட்டு மணி நேரம் ஆங்கிலம் பேசிவிட்டு வரும் பிள்ளையிடம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத் தமிழ் எவ்வளவு ஒட்டும்? வீட்டில் இருக்கும் பிள்ளை பாட்டியோடு வீடியோவில் பேசிக்கொண்டே கதை படிக்கலாம். மாமியார் ஆரம்பத்தில், ஏம்மா, புள்ளைய ஸ்கூல்ல வெளிய அனுப்பிட்டாங்களா என்று கவலையாகக் கேட்டவர், இப்போது செவ்வாயும் வியாழனும் காலை எட்டரைக்கு அவரே போன் போட்டுப் பாடத்துக்குக் கூப்பிடுகிறார். உயர்நிலை வயது வந்ததும் ஸ்டாம்ப் என்ற மொழித்தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், அந்த மதிப்பெண் வேற்றுமொழிப் பாடத்துக்கு நல்ல சான்று.

விளையாட்டு, நட்பு பற்றிக் கேட்பீர்கள். ஒத்த வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து நாலைந்து குடும்பம் வாரம் ஒரு நாள் கூடிப் பாடம் நடத்தும் குழுக்கள் எல்லாப் புறநகரிலும் இருக்கின்றன. அரசுப் பள்ளி அணிகளில் சேர்வதும் சுலபமாகியிருக்கிறது: மாவட்டம் விரும்பினால் சேர்க்கலாம் என்று 2021-ல் சட்டம் வந்தது, 2025-ல் அதையே திருப்பி, கல்வி வாரியம் வேண்டாம் என்று வாக்களித்தால் ஒழியச் சேர்க்க வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். பிள்ளை வகுப்புக்குரிய தரத்தில் இருக்கிறான் என்று ஒரு தேர்வு முடிவு காட்ட வேண்டியிருக்கும்.

புதிதாக வந்திருக்கும் மாநிலப் பணம்

2025 மே 3 அன்று ஆளுநர் கிரெக் அபட் கையெழுத்திட்ட சட்டத்தால் கல்விச் சுதந்திரக் கணக்கு என்று ஒரு திட்டம் 2026-27 கல்வியாண்டிலிருந்து வருகிறது. தொடக்க ஒதுக்கீடு 100 கோடி டாலர். அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்குச் சற்று மேல், மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குத் தனியார் பள்ளி என்றால் 30,000 டாலர் வரை. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு 2,000 டாலர் வரைதான். நடத்துவது கல்வி முகமை இல்லை, மாநிலத்தின் வரவுசெலவைப் பார்க்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகம். பணம் கையில் வராது, அவர்கள் தளத்தின் வழியாகப் புத்தகம், தனிப்பயிற்சி, தேர்வுக் கட்டணம் போன்றவற்றுக்குப் போகும்.

பிள்ளை அமெரிக்கக் குடிமகனாகவோ சட்டப்படி நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டவராகவோ இருக்க வேண்டும். விண்ணப்பம் அதிகமானால் வரிசை உண்டு. மாற்றுத்திறனாளிப் பிள்ளை உள்ள, வருமானம் வறுமைக்கோட்டின் ஐந்து மடங்குக்குள் இருக்கும் குடும்பங்கள் முதலில், அப்புறம் வருமானம் குறைந்தவர்கள். நாலு பேர் குடும்பத்துக்கு 2025 கணக்கில் அந்த ஐந்து மடங்கு என்பது சுமார் 1,60,000 டாலர். கணவன் மனைவி இருவரும் ஐ.டி. வேலையில் இருக்கும் நம் வீடுகள் பெரும்பாலும் இதைத் தாண்டிவிடும். அப்படித் தாண்டுபவர்கள்தான் வரிசையில் கடைசிப் பிரிவு, அவர்களுக்கு மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அதனால் இதை நம்பித் தனியார் பள்ளிக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். கணக்கில் இருக்கும்போது பிள்ளை அரசுப் பள்ளியிலும் இருக்க முடியாது. வாங்கினால் அந்தத் திட்டத்தின் விதிகளுக்குள் வருகிறீர்கள், வாங்காவிட்டால் மேலே சொன்ன பழைய சுதந்திரம் அப்படியே. 2,000 டாலருக்கு அது தேவையா என்று நாங்கள் யோசித்து, வேண்டாம் என்று விட்டோம். பேச்சுப் பயிற்சியோ வேறு சிகிச்சையோ தேவைப்படும் பிள்ளை என்றால் என் முடிவே வேறாக இருந்திருக்கும்.

ஒன்பதாம் வகுப்பு வந்ததும் கோப்பு முக்கியம்

எட்டாம் வகுப்பு வரை குறிப்பேடு, சில பயிற்சித்தாள், படித்த புத்தகப் பட்டியல் போதும். ஒன்பதிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் பெயர், புத்தகம், தேதி, மதிப்பெண் என்று ஒரே தாளில் மதிப்பெண் பட்டியல் தயாரித்துக்கொண்டே வாருங்கள். அரசுப் பள்ளியில் முடிப்புச் சான்றிதழுக்கு 22 கிரெடிட் (முடித்த பாடத்துக்குத் தரும் அலகு), கூடுதல் தகுதியோடு என்றால் 26. நம்மைக் கட்டுப்படுத்தாது என்றாலும் கல்லூரிகள் எதிர்பார்ப்பது கிட்டத்தட்ட அதுதான். பள்ளி முடிப்புச் சான்றிதழைக் கையெழுத்திட்டுக் கொடுப்பதும் நீங்கள்தான்.

டெக்சாஸ் அரசுக் கல்லூரிகள் வீட்டில் படித்தவரை மற்றவர்களைப் போலவே நடத்த வேண்டும், அவர்களுக்கென்று தனித் தேர்வு வைக்கக் கூடாது என்று 2003-லிருந்து சட்டம் இருக்கிறது. பி.எஸ்.ஏ.டி. (எஸ்.ஏ.டி. என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுக்கு முன்னோட்டம்), ஏ.பி. (கல்லூரித் தரப் பாடத் தேர்வு) இரண்டையும் அந்தப் பகுதி அரசுப் பள்ளியில் எழுத அனுமதிக்க வேண்டும் என்பதும் சட்டம், ஆனால் செப்டம்பருக்கு முன்பே ஆலோசகருக்கு எழுதுங்கள், கடைசி நேரத்தில் இடம் இல்லை என்பார்கள். தானாகக் கிடைக்கும் சேர்க்கை, அதாவது வகுப்பில் முதல் 10 சதவீதம், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் 2026 சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதம், நம் பிள்ளைகளுக்கு எப்படிப் பொருந்தும் என்று அந்தந்தப் பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள், நமக்கு வகுப்பே இல்லையே. மற்றபடி தரவரிசை பார்க்கும் இடங்களில், அதே எஸ்.ஏ.டி. மதிப்பெண் எடுத்த மாணவர்களின் சராசரி இடத்தை நம் பிள்ளைக்கும் தர வேண்டும். ஆகவே எஸ்.ஏ.டி.யில் கவனம் வையுங்கள். அதைவிடப் பெரிய சாட்சி கல்லூரிப் பாடம்தான்: காலின் காலேஜ், டாலஸ் காலேஜ், ஆஸ்டினில் ஏ.சி.சி. போன்ற சமூகக் கல்லூரிகளில் டி.எஸ்.ஐ. என்ற தகுதித் தேர்வு எழுதி, பதினொன்றாம் வகுப்பு வயதிலேயே சில பாடங்கள் எடுக்கலாம். அம்மா போட்ட ஏ மதிப்பெண்ணை விட, கல்லூரிப் பேராசிரியர் போட்ட பி-க்கு மதிப்பு அதிகம்.

திரும்பிப் போக நேர்ந்தால்

அரசுப் பள்ளிக்கு எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம், மறுக்க முடியாது. எந்த வகுப்பு என்று தேர்வு வைத்தோ பாடங்களைப் பார்த்தோ முடிவு செய்வார்கள். எட்டு வரை சிக்கல் வராது. ஒன்பதுக்கு மேல், வீட்டில் படித்த பாடத்துக்குக் கிரெடிட் தருவது மாவட்டத்தின் கையில், பாடம் பாடமாகத் தேர்வு எழுதச் சொல்லலாம். பத்தாம் வகுப்பு நடுவில் திரும்பிய ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் அல்ஜீப்ராவை மறுபடி நிரூபிக்க வேண்டி வந்தது. அந்தச் சந்தேகம் இருப்பவர்கள் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகமோ டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகமோ நடத்தும் தொலைநிலை உயர்நிலைப் பாடங்களை எடுங்கள். பணம் செலவாகும், ஆனால் அங்கீகாரம் பெற்ற கிரெடிட்.

இந்தியாவுக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் இதையே இன்னும் அழுத்திச் சொல்வேன். ஊரில் பள்ளியில் சேர்க்க முதலில் கேட்பது மாற்றுச் சான்றிதழ், நம்மிடம் அது இருக்காது. சின்ன வகுப்பு என்றால் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்ப்பவர்கள் உண்டு. 14 வயது நிறைந்த பிள்ளை தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதலாம். பன்னிரண்டு முடித்துவிட்டு இந்தியக் கல்லூரிக்குப் போவதாக இருந்தால் வெளிநாட்டுச் சான்றிதழுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் சமநிலை வாங்க வேண்டும், அவர்கள் பார்ப்பது அங்கீகாரம் பெற்ற பள்ளியின் சான்றிதழை. அம்மா அப்பா கையெழுத்திட்டது அங்கே கைகொடுக்காது. எனவே எட்டாம் வகுப்பு முடியும் கோடையிலேயே, ஊருக்கா இங்கேயா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள், நாங்கள் போன ஜூனில் பேசியதுபோல. திரும்பும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றாலும், ஒன்பதாம் வகுப்பின் முதல் பாடத்திலிருந்தே அங்கீகாரம் பெற்ற இடத்தில் சேர்த்துவிடுங்கள்.